இதயத்தில் தெரிந்தது எந்தக் கட்டி?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. காமாலை என்று நாட்டு மருந்து கொடுத்துவந்தோம். கடைசியில் பித்தக்குழாய்ப் புற்றுநோய் என்றார்கள். ஸ்டென்ட் வைத்து, கீமோ நடக்கிறது. சில நாளாக மூச்சு வாங்குகிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை. எக்கோவில் இதயத்தின் வலது மேலறையில் கட்டி போலத் தெரிகிறதாம். 'இதயத்துக்கே போய்விட்டது, இனி அலையாதீர்கள்' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பித்தக்குழாயில் வந்தது இதயத்துக்குப் போகுமா, டாக்டர்?
— ஒரு வாசகி, விஜயபுரம் (நகரி வழி)

பதில்: படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

போகும், ஆனால் மிக அரிது. இந்தப் புற்று பெரும்பாலும் கல்லீரல், நெறிக்கட்டிகள், வயிற்று உறை, நுரையீரல், எலும்பு ஆகிய இடங்களுக்குத்தான் பரவும். இதயம் ஓயாமல் துடிக்கிறது. ரத்தமும் அங்கே வேகமாக ஓடுகிறது. புற்றணுக்கள் அங்கே வேர்பிடிப்பது கடினம். வழி இல்லாமலில்லை: கல்லீரலின் ரத்தம் பெருஞ்சிரை வழியாக நேரே வலது மேலறைக்குத்தான் வந்து சேர்கிறது.

இவ்வளவு அரிது என்பதாலேயே உங்கள் உறவினர்களின் முடிவை நான் ஏற்கமாட்டேன். பித்தக்குழாய்ப் புற்று உள்ளவர்களுக்கு ரத்தம் எளிதில் உறையும். கீமோ ஏற்றக் கழுத்துப் பக்கம் போர்ட் பொருத்தியிருந்தால், அதன் குழாய் நுனி வலது மேலறையை ஒட்டித்தான் இருக்கும். அங்கேயும் ரத்தம் கட்டும். எக்கோவில் ரத்தக்கட்டியும் புற்றுக்கட்டியும் பல நேரம் ஒன்றுபோலவே தெரியும். ரத்தக்கட்டிக்கு ஹெப்பாரின் போன்ற மருந்து உண்டு. அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தாலும் இப்படித்தான் மூச்சு வாங்கும். ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளிர்காய்ச்சலும் இருந்தால், கிருமி இதய வால்வைத் தொட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மருந்து செலுத்தி எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் புற்றுக்கட்டியையும் ரத்தக்கட்டியையும் பிரித்துக்காட்டிவிடும்: புற்றில் ரத்த ஓட்டம் உண்டு, உறைந்த ரத்தத்தில் இல்லை. இதய உறையில் நீர் கோத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் ஊசி வழியாக எடுத்துவிடலாம்; அன்றே மூச்சு இலகுவாகும். திருப்பதி ஸ்விம்ஸில் இதயப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யும் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

இன்னொன்று. 2010இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வுக்குப் பிறகு, முற்றிய பித்தக்குழாய்ப் புற்றுக்கு ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. சிஸ்பிளாட்டினோடு நிறைய சலைன் ஏற்றுவார்கள். திணறும் இதயத்துக்கு அது சுமை. எக்கோ ரிப்போர்ட்டைக் கீமோ டாக்டரிடம் காட்டாமல் அடுத்த டோஸுக்கு உட்கார வைக்காதீர்கள்.

பரவியதுதான் என்று உறுதியானால், முழுக்கக் குணமாக்க முடியாது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அப்போதும் மூச்சுத்திணறலைத் தணிக்க முடியும். மிகக் குறைந்த அளவு மார்ஃபின் சிலருக்கு அதற்கு உதவும். வலித்தணிப்புப் பிரிவு டாக்டரை இப்போதே பார்த்துவையுங்கள். கீமோ நடக்கும்போதே அவர்களிடமும் காட்டலாம்.