ஒப்புதல் படிவத்துக்குப் பின்னால் இருப்பவர்கள்
ஆய்வு நிதி அலுவலகத்தில் யார், என்ன பணி செய்கிறார்கள்?

மருத்துவ ஆய்வு ஒன்றில் பங்கேற்க அழைக்கப்படும் நோயாளியின் குடும்பத்தார் எங்களிடம் வழக்கமாக மூன்று கேள்விகளைக் கேட்பதுண்டு. பக்கவிளைவு ஏதும் வருமா? நடுவில் விலகிக்கொள்ளலாமா? இதற்குப் பணம் கொடுப்பது யார்? முதல் இரண்டுக்கும் நாங்கள் விரிவாக விடை சொல்கிறோம். மூன்றாவது கேள்விக்கு, படிவத்தில் அச்சிடப்பட்டுள்ள நிறுவனத்தின் பெயரைச் சுட்டிக்காட்டுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம்.

அக்கேள்வி அவ்வளவு சிறியதன்று. "எங்கள் அம்மாவை வைத்துச் சோதனை செய்யலாம் என்று முடிவு செய்தவர்கள் யார்? அவர்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்ற அச்சமே அதற்குள் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு உரிய விடையை இக்கட்டுரையில் தர முயல்கிறோம்.

மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் ஒரு வகை. மக்களின் வரிப்பணத்தில், அரசு அமைப்புகள் வழியாக நடக்கும் ஆய்வுகள் மற்றொரு வகை. இங்கே இரண்டாம் வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். உலகிலேயே மருத்துவ ஆய்வுக்கு மிக அதிகமாக நிதி வழங்கும் அரசு அமைப்பு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம். சுருக்கமாக என்.ஐ.எச். என்பர். அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அலுவலகம் பிறந்த கதை

1887-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், கப்பல் மாலுமிகளுக்கான மருத்துவமனையில் தொடங்கப்பட்ட சிறு ஆய்வுக்கூடமே இதன் வேர். காலரா போன்ற தொற்றுநோய்கள் கப்பல் வழியாக நாட்டுக்குள் நுழையாமல் தடுப்பது அதன் நோக்கம். இன்று புற்றுநோய், இதயம், நரம்பு மண்டலம், முதுமை, குழந்தைகள் நலம் என 27 நிறுவனங்களும் மையங்களும் அதில் அடங்கியுள்ளன.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, போர்க்காலத்தில் பல்கலைக்கழகங்களுக்குத் தரப்பட்டிருந்த மருத்துவ ஆய்வு ஒப்பந்தங்கள் பல இவ்வமைப்பின் பொறுப்புக்கு வந்தன. அவற்றை நிர்வகிக்க 1946-இல் ஆய்வு மானிய அலுவலகம் ஒன்று உருவானது. அதன் முதல் தலைவர் கேசியஸ் வான் ஸ்லைக். பால்வினை நோய்கள் பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருந்த மருத்துவர் அவர். மாரடைப்புக்கு உள்ளானதால், அலைச்சல் குறைந்த மேசைப் பணியாக இது அவரிடம் வந்து சேர்ந்தது. பின்னர் 1948-இல் தேசிய இதய நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் அவரே ஆனார்.

நான்கு நாற்காலிகள்

ஓர் ஆய்வாளர் தம் திட்டத்தை எழுதி அனுப்பினால், அது நான்கு வகையான மனிதர்களைக் கடந்து செல்கிறது. அவர்களுடைய கல்வியும் வேறு, வேலையும் வேறு.

முதலாமவர் மதிப்பீட்டு அலுவலர். இவர் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்று, பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் உழைத்தபின் இப்பணிக்கு வந்தவராக இருப்பார். ஆனால் இவர் விண்ணப்பத்துக்கு மதிப்பெண் இடுவதில்லை. மதிப்பெண் இடத் தகுதியானவர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் அழைத்து, குழுவாக அமர்த்துவதே இவர் வேலை. விண்ணப்பதாரரோடு ஒரே நிறுவனத்தில் பணிபுரிபவர், அண்மையில் சேர்ந்து ஆய்வு செய்தவர் போன்றோர் அந்த விண்ணப்பத்தின் விவாதத்தில் இருக்கக்கூடாது. அதைக் கண்காணிப்பதும் இவரே.

குழுவினர் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுகிறார்கள். நம் பள்ளித் தேர்வுக்கு நேர்மாறாக, இங்கே 1 என்பதே மிகச் சிறந்தது. அனைவருடைய மதிப்பெண்களின் சராசரியைப் பத்தால் பெருக்கி, 10 முதல் 90 வரையிலான இறுதி எண் கணக்கிடப்படுகிறது.

இரண்டாமவர் திட்ட அலுவலர். குறிப்பிட்ட நோய்த்துறையை நன்கறிந்தவர். அறிவியல் முனைவர்கள், மருத்துவர்கள், செவிலியர் ஆய்வாளர்கள், உளவியலாளர்கள் எனப் பலதரப்பட்டோர் இப்பணியில் உள்ளனர். எந்தக் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை, எந்த நோய் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்று பார்ப்பதும், ஆய்வாளருக்கு ஆலோசனை கூறுவதும், நிதி வழங்கியபின் பணியின் முன்னேற்றத்தைத் தொடர்ந்து கவனிப்பதும் இவர் கடமைகள். மதிப்பீட்டுக் குழு கூடும்போது இவர் அமர்ந்து கேட்கலாம். மதிப்பெண் இட இவருக்கு உரிமை இல்லை.

மூன்றாமவர் மானிய மேலாண்மை அலுவலர். இவர் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கணக்கியல், வணிகம், பொது நிர்வாகம் ஆகியவற்றில் பயின்றவர்களே இங்கு மிகுதி. பணம் சட்டப்படி செலவாகிறதா என்று பார்ப்பவர் இவர். மானிய ஆணை இவர் கையெழுத்தோடுதான் வெளிவரும்.

நான்காவது இடத்தில் ஆலோசனை மன்றமும் இயக்குநரும் உள்ளனர். நோயாளிக் குடும்பங்கள் குறிப்பாக அறிய வேண்டிய இடம் இதுவே. ஒவ்வொரு நிறுவனத்தின் ஆலோசனை மன்றத்திலும் 18 பேர் வரை நியமிக்கப்படலாம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அறிவியல், மருத்துவத் துறையினர். எஞ்சிய ஒரு பங்கு பொதுமக்களிலிருந்து வரவேண்டும் என்பது சட்டம். நோயாளிகளுக்காகப் பாடுபடுவோரும் அவ்வகையில் அங்கே அமர்கிறார்கள். மன்றம் ஆராய்ந்து பரிந்துரைத்தபின், எதற்கு நிதி என்ற முடிவை இயக்குநர் எடுக்கிறார்.

மதிப்பெண் இடுபவர் பணம் தருவதில்லை. ஆலோசனை கூறுபவர் மதிப்பெண் இடுவதில்லை. கையெழுத்திடுபவர் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒருவருடைய விருப்போ வெறுப்போ மட்டும் ஓர் ஆய்வைத் தொடங்கிவைக்கக் கூடாது என்பதற்காகவே பணிகள் இவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளன. இந்தப் பிரிவினைக்கு விலையும் உண்டு. விண்ணப்பம் நிதியாக மாறுவதற்குள் பொதுவாக எட்டு, ஒன்பது மாதங்களாவது ஓடிவிடும். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று நோயாளிகள் வருந்துவது நியாயமே. அத்தாமதத்தின் ஒரு பகுதி பாதுகாப்புக்காகச் செலவாகும் காலம்.

அந்த மேசைக்கு வந்த ஒரு மகள்

இத்தகைய அலுவலகத்தில் பணிபுரிவோர் நோயின் வலி அறியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நான்சி வெக்ஸ்லரின் வாழ்க்கை அதற்குச் சான்று.

ஹண்டிங்டன் நோய் மூளை நரம்பு செல்களைப் படிப்படியாக அழிப்பது. கை கால்கள் கட்டுப்பாடின்றி அசையும். மனநிலை மாறும். நினைவும் சிந்தனையும் தேயும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. 1968-இல் நான்சியின் தாயாருக்கு இந்நோய் உறுதிசெய்யப்பட்டது. அப்போது நான்சி இருபதுகளில் இருந்தார். தாயைக் கவனித்துக்கொள்ளும் கவலையோடு, "எனக்கும் வருமா?" என்ற கேள்வியும் அன்றே அவர் தோளில் ஏறியது.

அவர் மரபணு அறிவியல் பயின்றவரல்லர். 1974-இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இந்நோய் குறித்து அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையத்தின் செயல் இயக்குநராக 1976-இல் பொறுப்பேற்றார். பின்னர் என்.ஐ.எச்.-இன் நரம்பியல் நிறுவனத்தில் சுகாதார அறிவியல் நிர்வாகியாகப் பணியில் சேர்ந்தார். மேலே நாம் கண்ட இரண்டாம் நாற்காலியைச் சேர்ந்த பணி அது. தாயார் 1978-இல் காலமானார்.

வெனிசுவேலாவில் மரக்கைபோ ஏரிக்கரையில் வாழும் பெருங்குடும்பங்களில் இந்நோய் மிகுதியாக இருந்தது. 1979 முதல் ஆண்டுதோறும் அங்கே ஆய்வுக்குழுவோடு சென்றார் நான்சி. அம்மக்களின் வம்சாவளியைக் குறித்துக்கொண்டு, இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அம்மாதிரிகளின் துணையோடு 1983-இல் நோய்க்கான மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பது தெரியவந்தது. பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1993-இல் அந்த மரபணுவே கண்டறியப்பட்டது. தமக்கும் அந்நோய் இருப்பதை 2020-இல் அவர் வெளிப்படையாக அறிவித்தார்.

நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. எனினும் இன்று நடைபெறும் மருந்து முயற்சிகள் பலவும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன. தாயின் நோயைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மகளுக்கு அரசு அலுவலகத்தில் இடம் கிடைத்ததும், அந்த ஏரிக்கரை மக்கள் தங்கள் கையை நீட்டி இரத்தம் தந்ததும் சேர்ந்தே அது நிகழ்ந்தது.

நிதி தந்தபின் யார் பார்க்கிறார்கள்?

பணம் கொடுத்ததோடு பொறுப்பு முடிவதில்லை. பெரிய சிகிச்சை ஆய்வுகளில், ஆய்வாளர்களைச் சாராத பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு ஒன்று தரவுகளை இடையிடையே பரிசீலிக்கும். மருத்துவர்களும் புள்ளியியல் அறிஞர்களும் அறநெறி வல்லுநர்களும் அதில் இருப்பர்.

இதய மருத்துவரான பெர்னடின் ஹீலி 1991-இல் என்.ஐ.எச்.-இன் முதல் பெண் இயக்குநரானார். பெண்களின் உடல்நலம் ஆய்வுகளில் புறக்கணிக்கப்படுகிறது என்ற குறை அப்போது வலுத்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான மாபெரும் ஆய்வு ஒன்றை அவர் தொடங்கிவைத்தார். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு ஹார்மோன்களையும் சேர்த்துத் தந்த பிரிவில் 16,608 பெண்கள் பங்கேற்றனர். அம்மாத்திரை இதயத்தைக் காக்கும் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடியதையும், மொத்தத்தில் நன்மையைவிடத் தீமையே மிகுந்ததையும் கண்காணிப்புக் குழு கண்டது. அதன் பரிந்துரையின்படி 2002 ஜூலையில் அப்பிரிவு குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. அந்த முடிவு உலகெங்கும் மருத்துவர்களின் பரிந்துரைச் சீட்டை மாற்றியது.

தவறும் நேர்வதுண்டு

இந்த ஏற்பாடு பிழையற்றது என்று நாங்கள் கூறவில்லை. எம்.ஆர்.என்.ஏ. பற்றிய காட்டலின் கரிக்கோவின் நிதி விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. அவ்வழியில் மருந்து செய்ய இயலும் என்பதை அன்று பலர் நம்பவில்லை. கோவிட் தடுப்பூசிக்கு அடிப்படையான அந்தப் பணிக்காகவே ட்ரூ வைஸ்மனோடு அவர் 2023-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். பலர் கூடி எடுக்கும் முடிவு, ஒருவருடைய தன்னலத்திலிருந்து நம்மைக் காக்கும். எல்லாரும் ஒருசேர நம்பும் தவறிலிருந்து அது எப்போதும் காக்காது.

நம் ஊரில்

இந்தியாவில் இப்பணியைச் செய்யும் முதன்மையான அரசு அமைப்புகளுள் ஒன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1911-இல் தொடங்கி, 1949-இல் இப்பெயர் பெற்றது. அதன் ஆதரவோடு, சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைய, 1956-இல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் உருவானது. வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்வதும் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவதும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தருகின்றன என்று அம்மையம் நிறுவியது. குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து காசநோயாளிகளை விடுவித்த ஆய்வுகளில் அது முக்கியமானது. அதில் பங்கேற்றவர்கள் நம் சென்னை மக்களே.

ஆகவே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் தயங்காமல் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்:

1. இந்த ஆய்வுக்கு நிதி தருவது அரசா, மருந்து நிறுவனமா, வேறு அமைப்பா?

2. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இது பதிவாகியுள்ளதா? 2009 ஜூன் 15 முதல் மருந்துச் சோதனைகளுக்கு இப்பதிவு கட்டாயம். நிதி தருபவர் யார் என்பதையும் அப்பதிவில் காணலாம்.

3. எந்த நெறிமுறைக் குழு அனுமதி அளித்தது? மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகளின்படி, அக்குழுவில் சட்டம் அறிந்த ஒருவரும், பெண் உறுப்பினர் ஒருவரும், மருத்துவத் துறை சாராத பொதுமகன் ஒருவரும் இருத்தல் வேண்டும்.

4. பாதுகாப்புத் தரவுகளைத் தனியே பரிசீலிக்கும் குழு உண்டா?

5. ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் ஏற்பது யார்?

இவற்றுக்கு விடை சொல்வது எங்கள் கடமை. கேட்பதால் சிகிச்சையில் எவ்விதக் குறைவும் நேராது. "வேண்டாம்" என்று கூறினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை தடையின்றித் தொடரும்.

படிவத்தில் நிதி தருபவரின் பெயர் ஒற்றை வரியில் அச்சாகியிருக்கும். அவ்வரியின் பின்னால் இருப்பவர்கள் யார், அவர்களை யார் கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டபின் இடும் கையெழுத்தே உண்மையான ஒப்புதல். அவ்வாறு அறிந்தபின் மறுப்பதும் அதே அளவு மதிப்புடைய முடிவே.