கால்வாய்க் கரையில் சைக்கிள்: சாத்தனூர்ப் பக்கம் போக ஒரு வழிகாட்டி

திருவண்ணாமலையில் சைக்கிள் என்றதும் கிரிவலப் பாதைதான் நினைவுக்கு வரும். 14 கிலோமீட்டர் நல்ல தார்ச் சாலை. விடியற்காலையில் ஒரு சுற்றுச் சுற்றினால் அன்றைய நாளே நன்றாக இருக்கும். ஆனால் தண்டராம்பட்டு சாலையில் இறங்கிவிட்டால் வேறொரு உலகம் காத்திருக்கிறது. தென்பெண்ணை ஆறு, சாத்தனூர் அணை, அதன் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்கள், வழியெங்கும் ஏரிக்கரைகள். லாரி இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. செம்மண்ணும் சரளையும் சக்கரத்துக்கடியில் நறநறவென்று நொறுங்கும் ஓசை மட்டும்தான்.

இதற்கு வெளிநாடுகளில் கிராவல் சைக்கிளிங் என்று பெயர். குதிரை பூட்டிப் படகிழுத்த கால்வாயோரப் பாதைகள் அங்கே இன்று சைக்கிள் பாதைகளாகிவிட்டன. நம் பாசனக் கால்வாய்களில் படகு ஓடவில்லை. கரையில் பாதை விட்டது மதகைப் பார்க்க வரும் லஸ்கருக்காகவும் தூர்வார வரும் வண்டிக்காகவும். அதில் நாம் விருந்தாளிகள். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

முதல் வேலை, தண்ணீரை விசாரிப்பது

சைக்கிளைத் தொடுமுன் தண்ணீரின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். சாத்தனூர் அணையின் முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் நீர்மட்டமும் திறப்பும் நாளிதழ்களில் வந்துவிடும். அணை நிரம்பும் நிலையில் இருந்தால் ஆற்றோரம் போகவே வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். அகரம்பள்ளிப்பட்டில் அப்போதுதான் கட்டி முடித்திருந்த பாலமே அந்த வெள்ளத்தில் போய்விட்டது. அதனால், போன வருடம் கடந்த இடத்தில் இந்த வருடமும் கடக்கலாம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

செயற்கைக்கோள் வரைபடத்தில் கரைப் பாதை தெளிவாகத் தெரியும். கரை உடைந்த இடம் அதில் தெரியாது. தேநீர்க் கடையில் கேட்பதுதான் வழி. "கரைமேல வண்டி போகுமாண்ணே?" என்று கேளுங்கள். "பைக் போகும்" என்றால் உங்கள் சைக்கிளும் போகும். "டிராக்டர்தான் போகும்" என்றால் தடம் ஆழமாக விழுந்திருக்கிறது, பாதி தூரம் தள்ளத்தான் வேண்டும். "நடந்து போலாம்" என்றால் கரை முழுக்க முள் மண்டியிருக்கிறது.

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, மண் இறுகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். ஒரு ஐப்பசியில் களிமண் கரையொன்றில் இருநூறு அடிகூடப் போயிருக்கமாட்டேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் அசையவே இல்லை. குச்சியால் நோண்டி எடுக்க எடுக்க அடுத்த சுற்றில் மறுபடி அப்பிக்கொண்டது. கடைசியில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தார்ச் சாலை வரை நடந்தேன். அந்தக் கரையில் என் சக்கரம் கிழித்த தடம் வெயில் வந்தபின் அப்படியே காய்ந்து கிடந்தது. அதில் தினமும் நடப்பவர்களுக்கு அது இடைஞ்சல்.

சைக்கிளும் டயரும்

விலை உயர்ந்த கிராவல் பைக் கட்டாயமில்லை. ஹைப்ரிட் போதும், கியர் இல்லாத ரோட்ஸ்டர்கூடப் போதும். டயர்தான் முக்கியம். 38 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் வரை உங்கள் ஃபிரேமில் எது இடிக்காமல் சுழலுமோ அதைப் போடுங்கள். காற்றைக் குறையுங்கள். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ சரியாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது.

இந்தப் பக்கத்தில் உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். ஏரிக்கரையிலும் கால்வாய்க் கரையிலும் வெட்டிப் போட்ட கிளைகள் காய்ந்து கிடக்கும். நெருஞ்சி டியூபில் பொடித் துளைதான் போடும். கருவேல முள் டயரையே தைத்துவிடும். டியூபுக்குள் சீலன்ட் ஊற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மாற்று டியூப், ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், பம்பு எல்லாம் பையில் இருக்கட்டும். இன்னொன்று, பலருக்கு வழியில்தான் தெரியவரும்: உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் கிராமத்துப் பஞ்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள்.

எப்போது கிளம்புவது

ஊரிலிருந்து அணைக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலை ஐந்து மணிக்கு முன்னும் பின்னும் விளக்கு எரியவிட்டு தார்ச் சாலையில் போங்கள். ஆனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே மண் பாதையில் இறங்குங்கள். காட்டுப் பன்றிக்காக வயலோரம் திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் கம்பி தெரியாது.

இதே எச்சரிக்கையை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தர்களை வழி சொல்லி அனுப்பும் 583 அடி நூல். பெருங்கௌசிகனார் பாடியது. விளைந்த புனத்தைப் பன்றி அழிப்பதால் வழியில் கற்பொறி வைத்திருப்பார்கள், இரவு தங்கிவிட்டு விடிந்த பின் போங்கள் என்கிறது அது. சேயாற்றின் கரையோடு போகவும் சொல்கிறது. செய்யாறு என்று இன்று நாம் சொல்லும் அதே ஆறு. இந்த மாவட்டத்துக்கு இதைவிடப் பழைய பயண வழிகாட்டி எனக்குத் தெரியாது. சாத்தனூர்ப் பாதை பழகிய பிறகு செங்கத்திலிருந்து செய்யாற்றோரம் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

கரையில் ஓட்டும் முறை

கால்வாய் மேடு ஏறாது. நீர் தானாக வழிந்தோட வேண்டுமென்று நிலத்தின் மட்டத்தையொட்டியே வளைந்து வளைந்து வெட்டியிருப்பார்கள். அதனால் மிதிப்பது சுலபம், தூரம் கூடுதல். ஓடை குறுக்கிடும் இடத்தில் கரைப் பாதை பெரும்பாலும் அறுந்துபோகும்; இறங்கித் தள்ளுங்கள்.

தண்ணீர் ஓடும்போது கால்வாய் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியே ஓட்டுங்கள். சிமென்ட் சரிவில் பாசி படிந்திருக்கும். உள்ளே விழுந்தவர் தானாக ஏறி வருவது கடினம். மணல் வந்தால் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, லேசான கியரில் நிறுத்தாமல் மிதியுங்கள். முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

மாசி, பங்குனியில் பாதையில் நெல்லும் மல்லாட்டையும் காயும். ஓரத்தில் இடம் இருந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஆடு எதிரே வந்தால் நின்றுவிடுங்கள், மேய்ப்பவர் ஒதுக்கி விடுவார். நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அது தன் எசமானின் நிலத்தைக் காக்கிறது. இந்தத் தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், மாண்ட வீரனுக்கு அருகே அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அந்த மண்ணின் நாய்களை நான் மரியாதையோடுதான் கடந்து போகிறேன்.

கரை நீர்வளத் துறையுடையது. லஸ்கர் "இப்படிப் போகாதீங்க" என்றால் வாதாடாமல் திரும்புங்கள். முதலைப் பண்ணை இருக்கும் அணை அது. நீரில் இறங்க வேண்டாம். அண்ணாமலையின் உட்காட்டுப் பாதைக்கும் சைக்கிளைக் கொண்டு போகாதீர்கள்.

எப்போது திரும்புவது

மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கரையில் நிழல் கிடையாது. வழியில் கேழ்வரகுக் கூழ்க் கடை தென்பட்டால் தாண்டிப் போகாதீர்கள். மோர் மிளகாயோடு ஒரு சொம்பு குடித்தால் ஊர் வரை தாங்கும்.

வீடு வந்ததும் குளிக்கப் போகுமுன் சைக்கிளைக் கவிழ்த்து, டயர் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். தட்டுப்படும் முள் ஒவ்வொன்றையும் பிடுங்கி எடுத்துவிடுங்கள். இன்றைக்கு டியூபைத் தொடாத முள் நாளைக் காலை ஐந்து மணிக்குத் தொட்டுவிடும்.