தவணை முடிந்த பின்னும் ஓட வேண்டிய வண்டி

1985ஆம் ஆண்டில் சி.டி. 100 என்னும் நான்கு-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை ஹீரோ ஹோண்டா நிறுவனம் நம் நாட்டில் அறிமுகப்படுத்தியது. ‘பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு’ என்னும் பொருளில் அமைந்த அதன் ஆங்கில விளம்பர வாசகம் நாடெங்கும் பெயர்பெற்றது. அடிக்கடி பெட்ரோல் நிலையத்துக்குச் செல்ல வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து. ஆனால் சிக்கனமான வண்டி வாங்கிய பலர், பெட்ரோலோடு சேர்த்து ஆயிலையும் செயினையும் டயர் காற்றையும் மறந்துவிடுவதை நாம் காண்கிறோம். அம்மறதியின் விலை ஐந்தாம் ஆண்டிலோ ஆறாம் ஆண்டிலோ மொத்தமாக வந்து சேருகிறது.

வங்கியாளர் பார்வையில் இதனை ஓர் எளிய கணக்காகக் கூறலாம். 80,000 ரூபாய்க் கடனை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களில் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 2,581 ரூபாய். ஓராண்டுக்கு அது ஏறத்தாழ 31,000 ரூபாய். வண்டி பன்னிரண்டு ஆண்டுகள் ஓடினால், ஒன்பது ஆண்டுகள் தவணையின்றி ஓடுகிறது. ஐந்தாம் ஆண்டிலேயே எஞ்சின் பழுதாகி வண்டியைக் கழித்துவிட்டால், தவணையற்ற காலம் இரண்டே ஆண்டுகள். கடனில் வாங்கிய வண்டியின் உண்மையான ஆதாயம் கடன் முடிந்த பிறகே கிடைக்கிறது. பால் விநியோகிப்பவர், பொட்டலம் கொண்டு சேர்ப்பவர், இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர் ஆகியோருக்கு வண்டி நின்ற நாள் ஊதியம் இழந்த நாளும் ஆகும்.

குறிப்பேடு

பராமரிப்பின் முதற்படி ஒரு சிறு குறிப்பேடு. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு என நான்கு பத்திகள் போதும். ஆயில் எப்போது மாற்றினோம் என்பதை நினைவிலிருந்து கூறுவோர் பெரும்பாலும் உண்மையான இடைவெளியைக் குறைத்தே மதிப்பிடுவர். எழுதிவைத்த கணக்கில் அந்தத் தவறு நேராது. நாளை வண்டியை விற்கும்போதும் இக்குறிப்பேடு வாங்குவோருக்கு நம்பிக்கை தரும்.

இதே ஏட்டில் மைலேஜையும் குறித்துவருதல் நலம். தொட்டியைக் குறிப்பிட்ட அளவு வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்க. அடுத்த முறை அதே அளவு வரை நிரப்பி, ஓடிய தொலைவை இம்முறை நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தந்தால் 250 லிட்டர் போதும். அது 50ஆகக் குறைந்தால் 300 லிட்டர் தேவைப்படும். பெட்ரோல் விலையை லிட்டருக்கு 100 ரூபாய் என்று கொண்டாலும், வேறுபாடு ஆண்டுக்கு 5,000 ரூபாய். மைலேஜ் படிப்படியாகக் குறைவது வண்டி தரும் முதல் எச்சரிக்கை. டயரில் காற்றுக் குறைவு, பிரேக் உரசிக்கொண்டிருத்தல், ஏர் ஃபில்டர் அடைப்பு, செயின் இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும். நான்கும் சிறு செலவில் தீர்பவை.

ஆயில்

100 சிசி வண்டியின் எஞ்சினில் இருப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில். அந்த ஒரு லிட்டரே பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் பொதுவானது. அளவு சிறிதாகையால் அது விரைவில் கெடும். சற்றுக் குறைந்தாலும் தேய்மானம் மிகும். மாதம் இருமுறையேனும் வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுக்கோலைப் பார்க்க வேண்டும். ஆயிலின் மட்டம் இரு கோடுகளுக்கு இடையே நிற்க வேண்டும். மாற்ற வேண்டிய இடைவெளி வண்டிக்கு வண்டி வேறுபடும். உரிமையாளர் கையேட்டில் உள்ளதே இறுதியானது. நெரிசலிலும் புழுதியிலும் ஓடும் வண்டிக்கு அதற்குச் சற்று முன்னரே மாற்றுதல் நன்று.

காருக்கென விற்கப்படும் ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றலாகாது. உராய்வைக் குறைக்க அவற்றுள் சிலவற்றில் சேர்க்கப்படும் பொருள்கள், ஆயிலிலேயே மூழ்கி இயங்கும் கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்யும். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் தரக்குறி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

செயினும் டயரும்

செயினின் கீழ்ப்பகுதி நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை அசைய வேண்டும். அதிகம் தளர்ந்த செயின் ஸ்பிராக்கெட்டிலிருந்து கழன்றுவிடும். அதிகம் இறுகிய செயின் சக்கரத்தின் பேரிங்கையும் கியர் பெட்டியின் பேரிங்கையும் கெடுக்கும். ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் மழையில் நனைந்த பின்பும் துடைத்து ஆயில் இட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பது விரலை இழக்கச் செய்யும். சக்கரத்தைக் கையால் சுழற்றியே துடைக்க வேண்டும். ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால், செயினையும் இரு ஸ்பிராக்கெட்டுகளையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். தேய்ந்த பற்களில் புதுச் செயினைப் பூட்டினால் அதுவும் விரைவில் தேய்ந்துவிடும்.

டயரில் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன், பார்க்க வேண்டும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் முன் சக்கரத்துக்கு 25, தனியே செல்லும்போது பின் சக்கரத்துக்கு 28 பி.எஸ்.ஐ. என்னும் அளவு காணப்படுகிறது. பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லப் பின் சக்கரத்துக்கு இதனினும் கணிசமாகக் கூடுதல் காற்று வேண்டும். நாள்தோறும் இருவர் செல்லும் குடும்பங்கள் இதனைத் தவறவிடுகின்றன. டயர் வாங்கும்போது அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

வண்டி கிளம்பாதபோது

கணக்கைச் சரிபார்ப்போர் முதலில் எளிய பிழைகளைத் தேடுவர். பழுதைத் தேடுவதற்கும் அதுவே முறை. செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கிச் செலவுள்ள காரணத்தை நோக்கிச் செல்ல வேண்டும்.

முதலில், எஞ்சினை அணைக்கும் சுவிட்சு வண்டியில் இருந்தால் அது தவறுதலாக அழுத்தப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பக்கவாட்டு ஸ்டாண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் அது இறங்கியிருந்தால் எஞ்சின் இயங்காது. மூன்றாவது, பெட்ரோல். தொட்டியைத் திறந்து கண்ணால் பார்ப்பதே நம்பத்தக்கது. பழைய வண்டியாயின் பெட்ரோல் குழாய்த் திருகு மூடியுள்ளதா என்றும் நோக்க வேண்டும்.

நான்காவது, மின்சாரம். ஹாரன் ஒலி மெலிந்து, ஸ்டார்ட்டரை அழுத்தும்போது ‘டிக் டிக்’ என்னும் ஒலி மட்டும் வந்தால் பேட்டரி வலுவிழந்துள்ளது. அதன் முனைகள் தளர்ந்திருந்தாலோ வெண்மை படிந்திருந்தாலோ சுத்தம் செய்து இறுக்கினாலே சரியாகக்கூடும். முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் பேட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். ஓடும்போதும் அளவு உயரவில்லையெனில் பழுது மின்னேற்றப் பகுதியில் உள்ளது. அதனைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி வாங்கினால் அதுவும் சில நாள்களில் வலுவிழக்கும்; பணம் இருமுறை வீணாகும். ஆகவே பேட்டரியை மாற்றுமுன் இவ்விரு அளவுகளையும் எடுத்துக்காட்டுமாறு மெக்கானிக்கைக் கேட்கலாம்.

ஐந்தாவது, ஸ்பார்க் பிளக். எஞ்சின் ஆறிய பின் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெளிர் பழுப்பாயின் எரிதல் சீராக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகையாகவோ காற்றுக் குறைவாகவோ செல்கிறது. ஏர் ஃபில்டரை முதலில் நோக்க வேண்டும். ஆயில் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். இவையனைத்தும் சரியாயிருந்தும் எஞ்சின் கிளம்பவில்லையெனில், கம்ப்ரெஷன் குறைவு, டாப்பெட் இடைவெளி ஆகியவற்றை ஆராயப் பட்டறைக்குச் செல்ல வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் இன்ஜெக்ஷன் முறை பிடித்துவிட்டது. இவற்றில் சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓரிரு நொடி ஒலிப்பதைக் கேட்கலாம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு ஓடும்போதும் அணையாதிருந்தால், ஸ்கேனர் உள்ள பட்டறையை நாட வேண்டும். தொட்டியை அடிக்கடி வறளவிடலாகாது. பம்ப்பைக் குளிர்விப்பது பெட்ரோலே.

சற்றுத் தொலைவு ஓடி நின்று, சிறிது நேரம் கழித்துத் தானே கிளம்பும் வண்டிகளும் உண்டு. அப்போது தொட்டி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். காற்று உள்ளிழுக்கும் ஒலி கேட்டு, உடன் வண்டி கிளம்பினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஒரு சிறு துளையைச் சுத்தம் செய்யத் தெரியாமல் கார்புரேட்டர் முழுவதையும் மாற்றிவிடக்கூடும்.

வெள்ளத்தில் மூழ்கினால்

2005 சூலையில் மும்பையிலும் 2015 டிசம்பரில் சென்னையிலும் ஏற்பட்ட வெள்ளங்கள் நகரவாசிகளுக்கு மறக்க இயலாதவை. மூழ்கிய வண்டியை எக்காரணம் கொண்டும் இயக்கிப் பார்க்கலாகாது. உள்ளே புகுந்த நீரைப் பிஸ்டனால் அழுத்த இயலாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளியே மேட்டுக்குக் கொண்டுசென்று, படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, பிறகு பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். மூழ்கிய வண்டியை இயக்கியதால் விளைந்த எஞ்சின் சேதம் அடிப்படைப் பாலிசிகளில் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை.

ஆவணங்களின் பராமரிப்பு

2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே பெறப்பட்டுவருகிறது. இதனைக் கொண்டு, ‘ஐந்தாண்டுக் காப்பீடு இருக்கிறது’ என்று பலர் எண்ணிவிடுகின்றனர். நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கும் திருட்டுக்கும் உரிய காப்பீடு பல பாலிசிகளில் ஓராண்டுக்கே உரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராத முதலாண்டுக்கு அப்பகுதிப் பிரீமியத்தில் 20 விழுக்காடும், ஐந்தாண்டுகள் தொடர்ந்தால் 50 விழுக்காடும் தள்ளுபடி உண்டு. பாலிசி காலாவதியாகி 90 நாள்கள் கடந்தால் அத்தள்ளுபடி பறிபோகும்.

கடன் முடிந்தவுடன் வங்கியில் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிலுள்ள கடன் குறிப்பை நீக்கிவிட வேண்டும். காப்பீட்டுப் பாலிசியிலும் அதனை நீக்கச் செய்ய வேண்டும். நீக்காவிடில், வண்டியை விற்கும் நாளிலோ திருட்டுக்கு இழப்பீடு கோரும் நாளிலோ அலைச்சல் ஏற்படும். பதிவின் செல்லுபடிக் காலம் 15 ஆண்டுகள் என்பதையும் அதன்பின் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் குறிப்பேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.

எப்போது விடை கொடுப்பது

எந்த வண்டிக்கும் ஒரு முடிவு உண்டு. கடந்த ஓராண்டில் பழுதுக்குச் செலவிட்ட தொகையைக் குறிப்பேட்டிலிருந்து கூட்டி, புதிய வண்டியின் ஓராண்டுத் தவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்பு கண்ட எடுத்துக்காட்டில் அது 31,000 ரூபாய். டயர், செயின், பேட்டரி ஆகியன ஒரே ஆண்டில் மாற்ற நேர்ந்தாலும் செலவு பொதுவாக அத்தொகையை எட்டாது. எனவே அவற்றுக்காக வண்டியைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் சட்டகத்தில் விரிசல் கண்டாலோ, பெரும் பழுதுகள் ஆண்டுதோறும் திரும்ப வந்தாலோ, கணக்கைவிட உயிர்ப் பாதுகாப்பே முதன்மையானது.

இறுதித் தவணை செலுத்திய மறுமாதமே, அதே 2,581 ரூபாயில் 500 ரூபாயைப் பராமரிப்புக்கென ஒதுக்கி, 2,000 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டுவருவதாகக் கொள்வோம். ஐந்தாண்டுகளில் அசல் மட்டும் 1,20,000 ரூபாயாகும், வட்டி தனி. அப்போதும் பழைய வண்டி நன்கு ஓடினால் அத்தொகை பிள்ளைகளின் கல்விக்கு உதவும். ஓடாவிடில் அடுத்த வண்டியைக் கடனின்றியே வாங்கலாம்.