செப்டம்பர் எல்க் வேட்டை: சுமையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் மானுக்கான வில்வேட்டைப் பருவம் செப்டம்பர் 2 முதல் 30 வரை. வெளிமாநிலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஜூலைக் கடைசியில் ஐந்து வாரம்தான் மிச்சம். பலர் இந்த நாட்களைப் புது அம்பு, புது வில்நாண் என்றே செலவழித்துவிடுவார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: விழுந்த எல்க்கை எப்படி வெளியே கொண்டுவரப் போகிறீர்கள்?

வளர்ந்த ஆண் எல்க் ஏறக்குறைய 300 கிலோ. எலும்பை நீக்கிவிட்டாலும் 90, 100 கிலோ கறி தேறும். 3,000 மீட்டர் உயரத்தில், விழுந்துகிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி, ஒருவர் ஒரு நடைக்கு 25 கிலோ சுமந்தாலே பெரிது. ஆக நான்கு நடை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே என்றால், சுமையோடு நான்கு முறை, வெறுங்கையோடு மூன்று முறை, மொத்தம் 35 கிலோமீட்டர். இருவர் இருந்தால் ஆளுக்கு 15. தனியாகப் போகிறவர் 3 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டாம் என்றே சொல்வேன். வரைபடத்தில் இன்றே அந்த எல்லையைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆண் எல்க் கூவும் சத்தம் காதில் விழுந்தபின் யாருக்கும் தூரம் தெரியாது. அதற்கு அப்பால் போயே தீருவேன் என்பவர்கள் குதிரை வைத்துச் சுமப்பவரை இப்போதே பேசி வைக்க வேண்டும். தேசியக் காட்டில் கூலிக்குச் சுமக்க வனச் சேவையின் அனுமதி வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அடுத்த எதிரி வெயில். செப்டம்பர் தொடக்கத்தில் மதியம் 20 டிகிரியைத் தாண்டும். எல்க்கின் தோல் கனமானது, உடற்சூட்டை விடாது. முதலில் கெடுவது பின்தொடை இடுப்போடு சேரும் மூட்டைச் சுற்றிய கறி. அங்கே எலும்பு வரை கீறித் திறந்துவிடுங்கள். வயிற்றைத் திறக்காமலே தோலை உரித்து, சப்பை, தொடை, முதுகுக்கறி என்று கழற்றும் முறையைக் காணொளியில் பார்த்து, ஆட்டிலாவது ஒருமுறை செய்து பழகுங்கள். காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு, வடக்குப் பார்த்த சரிவின் நிழலில், ஓடைப் பக்கம், குடல் கிடக்கும் இடத்திலிருந்து தள்ளித் தொங்கவிட வேண்டும். கருங்கரடிகள் உள்ள காடு அது. நைலான் பை, பிளாஸ்டிக் பை எதுவும் உதவாது.

இனி உரிமம். 2025 முதல் வெளிமாநிலத்தார் மேற்குக் கொலராடோவில் கடையில் போய் வில்வேட்டை எல்க் உரிமம் வாங்க முடியாது, குலுக்கல்தான். ஏப்ரலில் விண்ணப்பிக்காதவர்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் விற்பனைக்கு வரும் மிச்சப் பட்டியலைப் பாருங்கள். ஆண் எல்க் உரிமம் 800 டாலரைத் தாண்டும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்கு வேட்டைப் பாடச் சான்றிதழ் கட்டாயம். பல பகுதிகளில் ஆண் எல்க்குக்குக் கொம்பின் ஒரு பக்கத்திலாவது நான்கு முனையோ, கீழ்ப்பாதியில் 5 அங்குல நீள முனையோ வேண்டும் என்ற விதியும் உண்டு.

பொதுநிலம் என்று வரைபடம் சொன்னாலும் அங்கே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். கொலராடோவில் வேலியோ அறிவிப்புப் பலகையோ இல்லாத தனியார் நிலத்திலும் அனுமதியின்றி வேட்டையாடக் கூடாது. சதுரங்கக் கட்டம்போல் பொதுநிலமும் தனியார் நிலமும் மாறி மாறி வரும் இடங்களில், தனியார் நிலத்தைத் தொடாமல் ஒரு பொதுநிலத்தின் மூலையிலிருந்து அடுத்த பொதுநிலத்தின் மூலைக்குத் தாண்டுவதை அத்துமீறல் என்று தடுக்க முடியாது என வயோமிங்கின் எல்க் மவுண்டன் வழக்கில் பத்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. கொலராடோவும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான். மூலை எங்கே என்று அடி பிசகாமல் தெரியாதவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. வரைபடங்களைப் போனில் இறக்கி வையுங்கள். மேலே சிக்னல் கிடைக்காது.

வில் பயிற்சியில் ஒன்றை மாற்றுங்கள். வேட்டைக்குக் கொண்டுபோகும் பிராட்ஹெட் அம்புமுனையையே மாட்டி, 25 கிலோ பையோடு படியேறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே எய்யுங்கள். அப்போது எந்தத் தூரம் வரை அம்பு சொன்னபடி கேட்கிறதோ, காட்டில் அதுவே உங்கள் தூரம். நுரையீரலில் பட்டால் அரை மணி நேரம் பொறுத்துத் தேடிப் போகலாம். வயிற்றில் பட்டால் ஆறு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்; அதற்குள் வெயிலில் கறி கெடும், பிற்பகல் மழை வந்தால் ரத்தத் தடமும் போகும். சந்தேகம் வந்தால் எய்யாதீர்கள்.

காற்றை மறக்க வேண்டாம். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும், சாயங்காலம் மறுபடி இறங்கும். கூடாரத்தையும் நடைவழியையும் அதற்கேற்ப வையுங்கள். போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாள் உயரத்துக்கு உடம்பு பழகட்டும். தலைவலியும் குமட்டலும் விடாமல் இருந்தால் கீழே இறங்கிவிடுங்கள். செப்டம்பர் நடுவில் மஸில்லோடர் துப்பாக்கிக்காரர்களும் அதே காட்டுக்குள் வருவார்கள். நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி நல்லது.

இந்த வாரம் மூன்று போன் போடுங்கள். ஒன்று, வனச் சேவையின் வட்டார அலுவலகத்துக்கு: தீத்தடை இருக்கிறதா, எந்தச் சாலை மூடியிருக்கிறது? இரண்டாவது, பக்கத்து ஊர்க் கறி வெட்டுபவருக்கு: செப்டம்பரில் இடம் இருக்குமா, ஞாயிற்றுக்கிழமை கறியை வாங்குவாரா? மூன்றாவது, உங்கள் மாநில வனவிலங்குத் துறைக்கு. மான்களின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி நோய் கொலராடோவில் இருப்பதால், மூளையும் தண்டுவடமும் உள்ளே வரக் கூடாது என்று பல மாநிலங்கள் தடுக்கின்றன. கொம்போடு தலையை அப்படியே வண்டியில் ஏற்ற முடியாது. மண்டையைச் சுத்தம் செய்து கொண்டுவர வேண்டியிருக்கும். அதற்கான ரம்பத்தையும், 100 கிலோ கறி கொள்ளும் கூலர்களையும் இப்போதே எடுத்து வையுங்கள்.