உச்சியைப் பிரித்துப் பார்

என் சிநேகிதனின் மகளுக்கு,

நீ கள்ளக்குறிச்சியில் தோட்டக்கலை வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னார். முதல் வாரமே ஒருவர் மரவள்ளி உச்சி ஒன்றைக் கிள்ளி வந்து மேசைமேல் போட்டு, "என்ன மருந்து அடிக்கலாம் மேடம்?" என்று கேட்டாராம். நீ என்ன பதில் சொன்னாய் என்று தெரியவில்லை. அதே கேள்விக்கு இரண்டு முறை தவறாகப் பதில் சொன்னவன் நான். உன்னைப் போலப் புதிதாக வருகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

முதல் தவறு பப்பாளி மாவுப்பூச்சிக் காலத்தில் நடந்தது. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட அந்தப் பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நான் மருந்துச் சீட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன். பூச்சியின் மேலிருக்கும் மெழுகில் பட்டு மருந்துத் தண்ணீர் வழிந்து ஓடிவிட்டது. மூன்றாவது முறை அடித்த கொல்லையில் பூச்சி முன்னைவிட அடர்ந்து கிடந்தது. செத்தவை, அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள். பிறகு 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுதான் இருக்கும். நாங்கள் விசைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் முடியாததை அது முடித்தது.

அந்த வெற்றிதான் என்னை இரண்டாவது தவறுக்கு இழுத்துப்போனது. 2020இல் மரவள்ளி உச்சிகளில் மறுபடி வெள்ளை படிந்தது. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி இறங்கி வந்து ஓர் உச்சியைக் காட்டினார். பிரித்துக்கூடப் பார்க்காமல், "பழைய பூச்சிதான், மருந்து அடிக்காதீங்க, குளவி இருக்கு, தானா அடங்கிடும்" என்றேன். அவர் என் வார்த்தையை நம்பி இரண்டு மாதம் காத்திருந்தார். வந்திருந்தது பழைய பூச்சி இல்லை. அந்த ஏப்ரலில்தான் திருச்சூரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டி. பப்பாளிப் பூச்சியின் குளவிக்கு இதன் உடம்பில் முட்டை வைத்துப் பெருக முடியாது. நான் இருக்கிறது என்று சொன்ன குளவியால் பலன் கிடைக்க வழியே இல்லை. அவர் கொல்லையில் கணு இடைவெளி சுருங்கி, இலைகள் முட்டைக்கோஸ் போல உச்சியில் குவிந்து நின்றன. கிழங்கு தேறவில்லை. மில்லில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்தபோது அதுவும் குறைவு, விலையும் குறைவு. மனிதர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வருஷமும் என்னிடமே வந்து கேட்டார்.

இதே தடுமாற்றம் உலக அளவிலும் நடந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இந்த மரவள்ளி மாவுப்பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவான மரவள்ளியைக் காய வைத்தது. அதன் எதிரியைத் தேடியவர்கள் தென் அமெரிக்காவின் வடபகுதியில் அச்சு அசலாக இதே போன்ற ஒரு மாவுப்பூச்சியைக் கண்டார்கள். அதன்மேல் வாழ்ந்த ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் பலிக்கவில்லை. அது வேறு இனம் என்பது பிறகுதான் தெரிந்தது. 1981இல் பராகுவேயில் ஆன்டனி பெல்லோட்டி சரியான பூச்சியைக் கண்டுபிடித்தார். அங்கே அதோடு கூடவே இருந்த அனாகைரஸ் லோபெசி என்ற குளவியை அதே ஆண்டில் நைஜீரியாவில் விட்டார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை அம்மா. உச்சியைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது.

அதனால் உன் பையில் எப்போதும் ஒரு கைலென்ஸ் இருக்கட்டும். சுருண்ட இலையை விரித்து, வெள்ளை மாவை ஒரு குச்சி முனையால் மெல்ல விலக்கு. உடம்பு மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பாக இருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சி. இதில் ஆணே தேவையில்லை. ஒரே ஒரு பெண் பூச்சி போதும், நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறையைக் கொண்டுவந்துவிடும். மாசி, பங்குனி வெயிலில் அது பெருகுகிற வேகத்தை நீயே பார்ப்பாய்.

இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டியது, பூச்சி மாதிரியே இருக்கும் நம் ஆட்களை. கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு, பெரிய மாவுப்பூச்சி போலவே நகரும். ஸ்பால்ஜிஸ் என்ற பட்டாம்பூச்சியின் புழுவும் வெள்ளை மாவைப் பூசிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து மாவுப்பூச்சியைத் தின்னும். அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குரங்கு முகம் போல இருக்கும். ஒருமுறை பிள்ளைகளுக்குக் காட்டு, பிறகு அந்தக் கொல்லையில் யாரும் அதை நசுக்கமாட்டார்கள். "பூச்சி பெருசு பெருசா இருக்கு" என்று பதறி வருகிறவரிடம் உடனே மருந்து சொல்லாதே. அவர் பார்த்தது இந்தப் புழுக்களையாகவும் இருக்கலாம்.

மரவள்ளி மாவுப்பூச்சிக்கான குளவி நமக்கும் வந்துவிட்டது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆதார நிறுவனம் 2021இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசியைத் தருவித்து, சோதித்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் கையில் கொடுத்து விட்டார்கள். ஏத்தாப்பூர் நமக்குத் தூரமில்லை. அங்குள்ளவர்களோடு பழக்கம் வைத்துக்கொள். குளவி வேலை செய்கிறதா என்று அறிய குளவியைத் தேடாதே, மம்மியைத் தேடு. ஒட்டுண்ணி புகுந்த மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, கெட்டித்துப் போயிருக்கும். அதில் வட்டமாக ஒரு துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். மம்மி கண்ணில் பட்ட கொல்லையில் பூச்சிக்கொல்லி வேண்டவே வேண்டாம் என்று சொல். உச்சியை வெட்டி எரிப்பதும் அங்கே கூடாது, குளவியையும் சேர்த்து எரித்துவிடுவோம். மம்மியே இல்லாமல் இளம் பயிரில் இப்போதுதான் தொற்றியிருக்கிறது என்றால் மட்டும் உச்சியை ஒடித்துச் சாக்கில் போட்டுக் கட்டி, வெளியே கொண்டுபோய் எரிக்கச் சொல். வரப்பில் வீசினால் அடுத்த கொல்லைக்கு நாமே அனுப்பிவைத்தது போலத்தான். மிச்சத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்புக் கரைசல். செடியில் எறும்புச் சாரை இருந்தால் அதையும் கவனி. பூச்சி கழிக்கும் தேன்துளிக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை அண்டவிடாது.

வெள்ளிமலைப் பக்கம் மருந்தடிப்பது இன்னும் கடினம். மானாவாரிச் சரிவில் மருந்தடிக்கும் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஏற்ற வேண்டும். அடித்தது மழையில் வழிந்தால் ஓடை வழியாகக் கோமுகி அணைக்குத்தான் போகும். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் அந்த அணைத் தண்ணீரை எதிர்பார்த்து எத்தனை கழனி இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை விதைக்குச்சிதான். இந்தப் பூச்சி தூரம் போவது கால்நடையாக இல்லை, நாம் லாரியிலும் பைக்கிலும் கட்டிக் கொண்டுபோகும் குச்சியில். ஆத்தூர்ப் பக்கம் முள்ளுவாடி ரகம் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டால் ஒரு கட்டு வாங்கி மலைக்கு ஏற்றிவிடுவார்கள். மாமன் மச்சான் வீட்டுக்குக் கொடுக்கிற குச்சிக்கு யார் சோதனை போடுவது? அதைத் தடுக்க உன்னாலும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். கொடுக்கும் கொல்லையைப் போன பங்குனியில் பார்த்தீர்களா, உச்சி குவிந்திருந்ததா என்று மட்டும் கேட்கச் சொல். குவிந்திருந்தால் அந்தக் குச்சி வேண்டாம். மற்றதையும் இலை, காம்பெல்லாம் நீக்கி, கணுக்களைப் பார்த்து, கரணை வெட்டி மருந்துக் கரைசலில் நனைத்த பிறகே ஊன்றவேண்டும். எந்தக் கரைசல், எவ்வளவு என்பதை ஏத்தாப்பூரில் அந்தந்த ஆண்டுக்குக் கேட்டுக்கொள். பழைய நோட்டீஸைப் பார்த்துச் சொல்லாதே.

நான் சொன்ன அந்த வெள்ளிமலைக்காரர் இந்த வருஷமும் வெள்ளை ரோஸ் மரவள்ளி ஊன்றியிருக்கிறார். எனக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியவில்லை. பங்குனியில் அந்தப் பக்கம் போனால் காலையிலேயே அவர் கொல்லைக்குப் போ. பத்து உச்சியாவது பிரித்துப் பார். பழுப்பு மம்மி எத்தனை இருந்தது என்று எண்ணி அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய சிநேகிதன்