ஒத்தாரோடு ஆடல்

நுழையும்முன்

முடிவு முன்னரே தெரிந்துவிட்டால் ஆட்டத்தில் சுவை இல்லை. எதிரில் நிற்பவர் நம்மை வெல்லவும் கூடும் என்னும் நிலை இருந்தால்தான் களத்தில் இறங்க மனம் வரும். அதற்காகவே உலகெங்கும் கல்லூரிகள் தம்மை ஒத்த கல்லூரிகளைத் தேடிக் கூட்டமைப்புகளை ஏற்படுத்திக்கொள்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள அத்தகைய கூட்டமைப்பு ஒன்று, தன்னைத் தோற்றுவித்த கல்லூரிகளுள் ஒன்றையே நூறாம் ஆண்டை நெருங்கும் வேளையில் வெளியேற்ற முடிவு செய்தது. விதி எதனையும் மீறாத உறுப்பினரை விலக்குவது அறமாகுமா என்னும் வினாவோடு இப்பாடத்தைப் படிப்போம்.

தொண்ணூற்றேழும் சுழியமும்

2017ஆம் ஆண்டில் மினசோட்டாவின் இரு கல்வி நிறுவனங்கள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் மோதின. ஆட்டம் முடிந்தபோது செயின்ட் தாமஸ் பல்கலைக்கழக அணி 97 புள்ளிகள் பெற்றிருந்தது. செயின்ட் ஓலஃப் கல்லூரி அணி ஒரு புள்ளியும் பெறவில்லை.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்திலிருந்து வேறுபட்டது. இருமுனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். தடுப்பவர் உடலால் மோதியே தடுப்பர். தலைக்கவசமும் தோட்காப்பும் இன்றி எவரும் களமிறங்குவதில்லை. ஓரணி முப்பது புள்ளிகளைக் கடந்தாலே நன்றாக ஆடியது என்பர். அத்தகைய ஆட்டத்தில் கிடைத்த 97 என்னும் எண், ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த இரு உறுப்பினர்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி வளர்ந்துவிட்டது என்பதை ஊரறியச் செய்தது.

கூட்டமைப்பு என்பது யாது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நெறிப்படுத்துகிறது. 1973ஆம் ஆண்டு அது கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்தது. முதற்பிரிவில் உள்ள கல்லூரிகள் சிறந்த வீரர்களுக்கு விளையாட்டுக்கென்றே உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவில் அதற்கு இடமில்லை. அங்கே ஆடுபவர் பிற மாணவரைப் போலவே கட்டணம் செலுத்திப் பயில்பவர்; காலையில் வேதியியல் ஆய்வகம், மாலையில் ஆடுகளம். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இப்பிரிவில் உள்ளன.

இவை தனித்தனியே நின்றால் ஒவ்வோர் ஆண்டும் எதிரணியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆதலால், அருகருகே உள்ள கல்லூரிகள் கூட்டமைப்பாக இணைகின்றன. யார், எப்போது, எங்கே ஆடுவது என்னும் அட்டவணையைக் கூட்டமைப்பே வகுக்கிறது. பேருந்தில் சென்று ஆடிவிட்டு இரவே விடுதிக்குத் திரும்பும் தொலைவில் பெரும்பாலான ஆட்டங்கள் அமைந்தால் வகுப்புகள் தடைபடுவதில்லை. இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. கூட்டமைப்பில் முதலிடம் பெறும் அணி நேரடியாகத் தேசியப் போட்டிக்குள் நுழையும். இவ்வுரிமையைப் பெற, ஒரு விளையாட்டில் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. ஒருவர் விலகினால் எஞ்சியோர் உரிமையும் ஆட்டங்காணக்கூடும் என்பதால், உறுப்பினர் எண்ணிக்கை கூட்டமைப்புகளுக்கு என்றும் கவலைக்குரிய செய்தி.

வருவோரும் போவோரும்

மினசோட்டா கல்லூரிகளிடை விளையாட்டுக் கூட்டமைப்பு 1920இல் தோன்றியது. கார்ல்டன், கஸ்டேவஸ் அடால்ஃபஸ், ஹாம்லைன், மெக்காலெஸ்டர், செயின்ட் ஜான்ஸ், செயின்ட் ஓலஃப், செயின்ட் தாமஸ் ஆகிய ஏழும் தொடக்க உறுப்பினர்கள். இவற்றுள் பெரும்பாலானவை கிறித்தவத் திருச்சபைகள் நிறுவியவை.

நூறாண்டுப் பட்டியலைப் புரட்டினால் நிலையாக இருந்தோர் சிலரே. கார்ல்டன் 1920களிலேயே விலகி, அரை நூற்றாண்டுக்கும் மேல் வெளியே இருந்துவிட்டு 1983இல் திரும்பியது. டுலூத் நகரின் அரசுப் பல்கலைக்கழகம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உறுப்பினராக இருந்து, 1970களில் தன் வழியே சென்றது. 1980களில் மகளிர் போட்டிகளும் கூட்டமைப்பின்கீழ் வந்தபின் செயின்ட் கேத்தரின், செயின்ட் பெனடிக்ட் ஆகிய மகளிர் கல்லூரிகள் இணைந்தன. இவையெல்லாம் அவரவர் விருப்பத்தால் நிகழ்ந்தவை.

மெக்காலெஸ்டர் கல்லூரியின் வரலாறு சற்று நின்று நோக்கத்தக்கது. ஐ.நா. பொதுச்செயலாளராக விளங்கிய கோஃபி அன்னான் பயின்ற கல்லூரி அது. கல்வியில் உயர்ந்த அக்கல்லூரியின் கால்பந்து அணி 1970களில் தொடர்ந்து ஐம்பது ஆட்டங்களில் தோற்றது. 1980இல்தான் அத்தொடர் முடிவுற்றது. அதன் பின்னரும் நிலைமை பெரிதும் மாறாததால், 2002இல் கால்பந்தில் மட்டும் கூட்டமைப்பிலிருந்து விலகிக்கொண்டது. பிற விளையாட்டுகளில் உறுப்பினராகவே தொடர்ந்தது. வலியோரைக் குறை கூறாமல் தன் ஆற்றலுக்கு ஏற்ற எதிரணிகளைத் தானே தேடிச் சென்ற அச்செயலை, தோல்வியை ஒப்புக்கொண்டது என்று எள்ளியவர்களும் இருந்திருக்கலாம். ஐம்பது தோல்விகளுக்குப் பின்னும் அணியைக் கலைக்காத கல்லூரியை அவ்வாறு எள்ளுவது எளிதன்று.

வலிமை யாருடையது?

செயின்ட் தாமஸ் என்றும் வலிமையோடு இருந்ததில்லை. செயின்ட் பால் நகரில் 1885இல் நிறுவப்பட்ட இக்கத்தோலிக்க நிறுவனம் 1977 வரை ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரி. 2007ஆம் ஆண்டில் அதன் கால்பந்து அணி பத்து ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. அப்போது கூட்டமைப்பின் பேரணி செயின்ட் ஜான்ஸ். துறவியர் மடத்தைச் சார்ந்து, ஏரிகளும் காடும் சூழ அமைந்த அக்கல்லூரியில் ஜான் கக்லியார்டி 1953 முதல் 2012 வரை பயிற்றுநராக இருந்தார். பயிற்சியின்போது வீரர்கள் ஒருவரையொருவர் மோதி வீழ்த்தக் கூடாது என்பதும், தம்மைப் பயிற்றுநர் என்று அழைக்காமல் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த நெறிகள். தம் வாழ்நாளில் அவர் பெற்ற 489 வெற்றிகள் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எவரும் எட்டாத எண்ணிக்கை. இத்துணை ஆண்டுகள் பிறரை வென்று வந்த செயின்ட் ஜான்ஸை எவரும் விலக்க முற்படவில்லை.

2008இல் புதிய பயிற்றுநர் வந்தபின் செயின்ட் தாமஸ் விரைந்து எழுந்தது. 2012, 2015 ஆகிய ஆண்டுகளில் தேசிய இறுதிப்போட்டி வரை சென்றது. கால்பந்தோடு அவ்வெழுச்சி நின்றுவிடவில்லை. ஆடவர் கூடைப்பந்தில் 2011, 2016 ஆகிய ஆண்டுகளிலும், மகளிர் கைப்பந்தில் 2012இலும் தேசிய வாகையர் பட்டம் அதற்கே கிடைத்தது. கூட்டமைப்பின் ஒட்டுமொத்தச் சிறப்பு விருதுகளையும் ஆண்டுதோறும் அதுவே பெற்று வந்தது. செயின்ட் ஜான்ஸ் முதன்மையாக ஒரு விளையாட்டில் ஓங்கி நின்றது. செயின்ட் தாமஸோ ஏறத்தாழ எல்லாக் களங்களிலும் ஓங்கியது.

இதற்கு ஒரு காரணம் அளவு. செயின்ட் தாமஸில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இளநிலை மாணவர்கள் பயின்றனர். பிற கல்லூரிகள் பலவற்றில் அதில் பாதியும் இல்லை. ஆயினும், அளவு ஒன்றே காரணம் என்று முடிவு செய்ய இயலாது. 97 புள்ளிகள் குவித்த அதே 2017ஆம் ஆண்டுப் பருவத்தில், மினியாபொலிஸ் நகரின் பேஸ்பால் அரங்கில் செயின்ட் தாமஸும் செயின்ட் ஜான்ஸும் மோதின. மூன்றாம் பிரிவு ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை கூடாத பெருங்கூட்டமாக 37,355 பேர் கூடினர். செயின்ட் தாமஸ் 20–17 என்ற கணக்கில் மயிரிழையில் வென்றது. இரண்டாயிரத்துக்கும் குறைவான மாணவரைக் கொண்ட கல்லூரி, தன்னினும் மும்மடங்கு பெரியதற்கு ஈடுகொடுத்தது. அங்குப் பயில்வோர் அனைவரும் ஆடவர் என்பதையும் இவ்விடத்தில் கணக்கில் கொள்ள வேண்டும்.

விலக்கம்

2019 மே மாதம் கூட்டமைப்பு தன் முடிவை அறிவித்தது. போட்டிச் சமநிலை குறித்த கவலையே காரணம் என்றும், செயின்ட் தாமஸ் தன் விருப்பத்தால் விலகவில்லை என்றும் அவ்வறிவிப்பு வெளிப்படையாகவே கூறியது. குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. 2021 வசந்தகாலம் வரை தொடர்ந்து ஆட இசைவளிக்கப்பட்டது.

சிறிய கல்லூரிகளின் நிலையிலிருந்து நோக்கினால் இம்முடிவுக்கு வலுவான காரணம் உண்டு. உடலோடு உடல் மோதும் ஆட்டத்தில் ஆற்றல் வேறுபாடு மிகுந்தால் தோல்வியோடு காயமும் சேர்ந்துவரும். மற்போரில் எடைப்பிரிவு வகுப்பதை எவரும் அநீதி என்பதில்லை. தோற்கவே செல்கிறோம் என்று தெரிந்தால் மாணவர் அணியில் சேரத் தயங்குவர். அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலையும். தேசியப் போட்டிக்குரிய உரிமையும் பறிபோகும். மெக்காலெஸ்டர் விலகியதைக் கண்முன் கண்டவர்களின் அச்சம் இது.

மறுபக்கமும் நியாயம் உண்டு. உதவித்தொகை தரக் கூடாது என்னும் விதியைச் செயின்ட் தாமஸ் மீறவில்லை. நல்ல பயிற்றுநர்களைத் தேடியதும் நன்றாக ஆடியதும் எவ்வாறு பிழையாகும்? நூறாண்டுத் தோழமைக்கு இரண்டாண்டுத் தவணையில் விடைகொடுப்பது முறையா? கூட்டமைப்பின் அச்சத்தில் உண்மை இருந்தது என்றே கருதத் தோன்றுகிறது. ஆயினும், இத்துணை மாணவர்தொகைக்கு மேல் இங்கு இடமில்லை என்னும் வரையறை முன்னரே இருந்திருந்தால், வெற்றியே குற்றமாயிற்று என்னும் பேச்சுக்கு இடம் இருந்திராது. விதி இல்லாத இடத்தில் எண்ணிக்கை முடிவு செய்தது என்பதுதான் உறுத்துகிறது.

பின்னர் நிகழ்ந்தவை

2019 அக்டோபரில் இரு பழைய எதிரிகளும் செயின்ட் பால் நகரில் மோதினர். செயின்ட் ஜான்ஸ் 38–20 என வென்றது. அடுத்த ஆண்டு நிகழ வேண்டிய விடைபெறும் ஆட்டத்தைப் பெருந்தொற்று கொண்டுபோயிற்று. 1901இல் தொடங்கிய அம்மோதல் வாழ்த்துரையோ வழியனுப்புதலோ இன்றி நின்றது.

செயின்ட் தாமஸுக்கு அருகில் ஏற்ற வேறு கூட்டமைப்பு அமையவில்லை. மூன்றாம் பிரிவிலிருந்து முதற்பிரிவுக்கு நேரே செல்ல விதி இடந்தரவில்லை. 2020 ஜூலையில் தேசியச் சங்கம் சிறப்பு இசைவு வழங்கியது. 2021இல் பெரும்பாலான விளையாட்டுகளில் சம்மிட் லீக் என்னும் முதற்பிரிவுக் கூட்டமைப்பில் இணைந்தது. நேற்றுவரை பக்கத்து ஊருக்குப் பேருந்தில் சென்ற அணிகள் டென்வர், டல்சா போன்ற தொலைநகரங்களுக்குப் பயணம் மேற்கொண்டன. கால்பந்தில் மட்டும், உதவித்தொகை தராத பயனியர் லீக்கில் சேர்ந்தது. இரண்டாம் ஆண்டான 2022இலேயே அங்கு முதலிடமும் பெற்றது. ஆயினும், புதிதாக வந்தோர்க்குரிய காத்திருப்புக் காலம் முடியாமையால் தேசியப் போட்டியில் ஆட அதற்கு இசைவு கிடைக்கவில்லை. வென்றதால் ஓரிடத்தில் விலக்கப்பட்ட அணி, இன்னோரிடத்தில் வென்றும் வாயிலில் நின்றது.

மினசோட்டாவில் 2021 இலையுதிர்காலத்தில் டுலூத் நகரின் செயின்ட் ஸ்காலஸ்டிகா கல்லூரி புதிய உறுப்பினராக வந்தது. கால்பந்தில் பத்தொன்பது ஆண்டுகள் விலகியிருந்த மெக்காலெஸ்டரும் திரும்பியது. பத்து அணிகள் இரு பிரிவுகளாக ஆடும் புதிய அட்டவணை எழுதப்பட்டது. செயின்ட் ஜான்ஸ் அதில் இன்னும் வலிமையோடு இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. மெக்காலெஸ்டர் தானே விலகியதையும் செயின்ட் தாமஸ் விலக்கப்பட்டதையும் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

2. நீங்கள் கூட்டமைப்பின் உறுப்புக் கல்லூரி ஒன்றின் தலைவராக இருந்திருந்தால் 2019இல் எவ்வாறு வாக்களித்திருப்பீர்கள்? காரணங்களோடு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் அணிகள் எவ்வாறு பிரிக்கப்படுகின்றன? ஒரே அணி தொடர்ந்து வென்றால் என்ன செய்யலாம் என்பது குறித்து உடற்கல்வி ஆசிரியரிடம் நேர்காணல் நிகழ்த்துக.