பேன் மருந்திட்ட பின் தலைமயிரைப் பேணும் முறை

பேனுக்கு மருந்து பூசியவுடன் வேலை முடிந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். மருந்துக்குச் செலவிட்ட பணம் பயன்படுவதும் வீணாவதும், அடுத்து வரும் நாட்களில் தலையை எவ்வாறு கழுவுகிறோம் என்பதைப் பொறுத்ததாகும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 1 சதவீதப் பெர்மெத்ரின் திரவத்தை உதாரணமாகக் கொள்வோம். எண்ணெய்ப் பசையுள்ள மயிரில் அது பற்றாது. ஆதலின் முதலில் சீயக்காய் தேய்த்து, ஈரத்தைத் துவட்டிய பின்னரே பூசுதல் வேண்டும். 10 நிமிடம் கழித்து, குழந்தையைக் குனியச் செய்து, கண்களைத் துணியால் மூடி, தலையை மட்டும் வெறும் நீரால் அலசுக. வெந்நீர் ஆகாது. 2 மாதம் நிரம்பாத குழவிக்கு மருத்துவரைக் கேளாமல் இம்மருந்தை இடலாகாது.

அதன்பின் 2 நாட்களுக்குச் சீயக்காய், அரப்பு, சோப்பு ஆகியவற்றை விலக்குக. எண்ணெய் முழுக்கையும் தள்ளி வைக்க. அலசிய பின்னும் மயிரில் தங்கும் சிறிதளவு மருந்து, ஈர் பொரித்து வெளிவரும் குஞ்சுகளைக் கொல்ல உதவுகிறது. அதனை நாமே தேய்த்துப் போக்கலாமா?

பாவுக்கு இட்ட கஞ்சி நீரில் ஊறினால் இளகும் என்பதை நெசவாளர் அறிவர். ஈரை மயிரோடு பிணைக்கும் பசையோ அலசுவதால் இளகாது. ஆகவே 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை, ஈரத் தலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பேன்சீப்பால் வாருதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க. இவ்வாறு 3 வாரம் செய்க. ஈர் பொரிய ஏறத்தாழ 8 அல்லது 9 நாட்கள் ஆகும். எனவே 9ஆம் நாளில் உயிருள்ள பேன் தென்படின் மருந்தை மறுமுறை பூசுக. அரிப்பு மட்டும் சில நாள் நீடிக்கலாம். அதற்காக மீண்டும் மருந்திடல் தவறு.

முந்திய 2 நாட்களில் பயன்படுத்திய துணி, தலையணை உறை, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் இடுக. தலையை விட்டு நீங்கிய பேன் பெரும்பாலும் 2 நாட்களுக்கு மேல் வாழாது. வீடெங்கும் மருந்து தெளிக்கத் தேவையில்லை.

விவசாய அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பருத்திக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைத் தலையில் தடவுவது உயிருக்கே ஆபத்தாகும். அது தோல் வழியே உடலினுள் செல்லும். மண்ணெண்ணெய் தடவிய தலை அடுப்பருகே சென்றால் தீப்பற்றும். இவ்விரண்டையும் அறவே விலக்குக.

பேன் பறப்பதுமில்லை, குதிப்பதுமில்லை; தலையோடு தலை சேர்வதாலேயே பெரும்பாலும் பரவுகிறது. அழுக்கால் வருவதன்று, ஆகவே அண்டை வீட்டாருக்குச் சொல்ல நாணவேண்டுவதில்லை. ஒரு தெருவார் அனைவரும் ஒரே நாளில் தத்தம் பிள்ளைகளின் தலையைச் சோதித்து, பேன் உள்ளோர்க்கு அன்றே மருந்திடின், ஒரு வீட்டில் ஒழிந்தது மறுவீட்டிலிருந்து திரும்பி வாராது. கூட்டு முயற்சியின் பயனை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

சங்கக் கூட்டத்தில் ஆராய்க:
1. மருந்திட்ட பின் 2 நாட்கள் சீயக்காய் ஏன் கூடாது?
2. 9ஆம் நாள் தலையைச் சோதிப்பது எதற்காக?
3. நம் தெருவில் எல்லோருக்கும் ஏற்ற நாள் எது?